புடைபாய்: சமச்சீரற்ற ஸ்பின்னேக்கரும் தமிழகப் பாய்மரப் படகும்

சமச்சீரற்ற ஸ்பின்னேக்கர் என்பது சிறிய பந்தயப் படகுகளின் முன்புறத்தில், காற்று பின்பக்கத்திலிருந்து வீசும்போது மட்டும் விரிக்கப்படும் மிகப் பெரிய, மெல்லிய நைலான் பாய் ஆகும். எதிர்காற்றில் செல்லும்போது இது உறைக்குள் சுருண்டு கிடக்கும். திருப்பத்தைக் கடந்து படகு காற்றோடு ஓடத் தொடங்கியதும், பலூன் போலப் புடைத்து எழும். தொலைக்காட்சியில் படகுப் பந்தயம் பார்த்தவர்கள் நினைவில் வைத்திருக்கும் வண்ணப்பாய் பெரும்பாலும் இதுதான்.

தமிழில் இதற்கு நிலைத்த பெயர் இல்லை. இக்கட்டுரையில் ‘புடைபாய்’ என்று எழுதுகிறேன். ஊறுகாய், சுடுசோறு போல இதுவும் வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும்.

கடலே இல்லாத தேனி மாவட்டத்தில் இருந்துகொண்டு பாய்மரத்தின் வரலாற்றை எழுதுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். கம்பம் பள்ளத்தாக்கில் கடல் இல்லை என்பது உண்மை, காற்று இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் நுழையும் வாயில்களாகப் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகியவற்றுடன் கம்பத்தையும் சேர்த்தே சொல்வார்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது எங்கள் பக்கத்தில் வெறும் பழமொழி அல்ல. ஆண்டிபட்டிப் பக்கம் நிற்கும் காற்றாலைகளே அதற்குச் சாட்சி. அந்தக் காற்றாலையின் இறக்கையும் இந்தப் புடைபாயும் நெருங்கிய உறவினர்கள்.

பின்காற்றின் சிக்கல்

ஆடி மாதத்தில் போடியிலிருந்து தேனிக்குச் சைக்கிளில் வந்தவர்களுக்கு ஒன்று தெரியும். காற்று முதுகில் தள்ளும். மிதிக்கவே வேண்டாம் போலிருக்கும். ஆனால் வேகம் கூடக் கூட முதுகில் காற்றே இல்லாததுபோல் ஆகிவிடும். காற்று நின்றுவிடவில்லை. சைக்கிள் ஏறக்குறைய காற்றின் வேகத்திலேயே ஓடுவதால் அதை நாம் உணர்வதில்லை. திசையன்கள் பாடம் நடத்தும்போது நான் வழக்கமாகச் சொல்லும் எடுத்துக்காட்டு இது.

படகுக்கும் இதே நிலைதான். காற்றை நேராக முதுகில் வாங்கிக்கொண்டு ஓடும் படகு, எவ்வளவு பெரிய பாய் கட்டினாலும் காற்றை விட வேகமாக ஓட முடியாது. படகு வேகமெடுக்க எடுக்க, பாயில் படும் காற்று குறைந்துகொண்டே போகும். பாயில் உண்மையில் படும் இந்தக் காற்றை ‘உணர்காற்று’ எனலாம்.

இதற்கு நெடுங்காலமாக இருந்த ஒரே தீர்வு பாயின் பரப்பைக் கூட்டுவது. 1860களில் ஆங்கிலேயப் பந்தயப் படகுகளில் ஸ்பின்னேக்கர் என்ற பாய் புழக்கத்துக்கு வந்தது. ‘ஸ்பிங்ஸ்’ என்ற படகின் பெயரிலிருந்து அந்தச் சொல் பிறந்தது என்று ஒரு கதை உண்டு. பிற்காலத்தில் அது இடமும் வலமும் ஒரே அளவாக, நடுவில் மடித்தால் பொருந்தும்படி அமைந்தது. அதாவது சமச்சீர்ப் பாய். அதை விரித்து நிறுத்தப் பாய்மரத்திலிருந்து ஒரு கழியை முட்டுக் கொடுக்க வேண்டும். படகு பக்கம் மாறும் ஒவ்வொரு முறையும் அந்தக் கழியைக் கழற்றி மறுபக்கம் மாட்ட வேண்டும். ஆடும் படகில், ஈரக்கையோடு, குறுகிய முன்தளத்தில் நின்று செய்ய வேண்டிய வேலை இது. ஒலிம்பிக்கில் இன்றும் ஓடும் 470 வகைப் படகில் இந்தப் பழைய முறையே உள்ளது.

இந்தியா ஒலிம்பிக் பாய்மரப் போட்டியில் முதன்முதலாக இறங்கிய 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் சோலி காண்ட்ராக்டரும் ஏ. ஏ. பாசித்தும் ஓட்டிய ‘ஃப்ளையிங் டச்மன்’ படகும், 1984இல் ஃபரூக் தாராபூரும் துருவ் பண்டாரியும் ஓட்டிய 470 படகும் கழி மாட்டும் வகைகளே.

சிட்னியில் பிறந்த மாற்றம்

மாற்றம் ஆஸ்திரேலியாவின் சிட்னித் துறைமுகத்தில் வந்தது. அங்கே 18 அடிப் படகுகளின் பந்தயம் நீண்ட மரபு கொண்டது. 1980களில் அந்தப் படகுகளை வடிவமைத்து ஓட்டிய ஜூலியன் பெத்வெய்ட், முட்டுக்கழியை நீக்கிவிட்டுப் படகின் முனையிலிருந்து முன்னோக்கி நீளும் ஒரு நிலையான கழியை வைத்தார். புடைபாயின் கீழ்முனையை அந்தக் கழியின் நுனியில் கட்டினார். பாயையும் ஒருபக்கம் நீண்டு மறுபக்கம் குறுகியதாக வெட்டினார்கள். முன்விளிம்பு எது, பின்விளிம்பு எது என்பது நிரந்தரமாயிற்று. இதுதான் சமச்சீரற்ற புடைபாய்.

ஜூலியனின் தந்தை ஃபிராங்க் பெத்வெய்ட் விமானம் ஓட்டியவர், வானிலையை ஆராய்ந்தவர். படகோட்டிகள் பாயைத் துணியாகப் பார்த்த காலத்தில் அவர் அதை இறக்கையாகப் பார்த்தார். 1993இல் வெளிவந்த அவருடைய ‘ஹை பெர்ஃபார்மன்ஸ் செய்லிங்’ என்ற நூல், வேகப் படகுகளைப் பற்றி அறிய விரும்புவோர் இன்றும் தேடும் நூல்.

புதிய பாயின் பயன் என்ன? அதைக் கட்டிய படகு நேராகக் காற்றோடு ஓடுவதில்லை. முதலில் இடப்புறம் சாய்வாக ஓடி, பிறகு பக்கம் மாற்றி வலப்புறம் சாய்வாக ஓடி, வளைந்து வளைந்து இலக்கை அடைகிறது. 45 பாகைச் சாய்வில் ஓடினால் 1,000 மீட்டர் தொலைவுக்கு ஏறத்தாழ 1,414 மீட்டர் ஓட வேண்டியிருக்கும். சுற்றுவழிதான். ஆனால் சாய்வாக ஓடும்போது காற்று பாயை முதுகிலிருந்து தள்ளுவதில்லை. பாயின் மேல் வழிந்து செல்கிறது. வேகம் கூடும்போது உணர்காற்று குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது. முன்பக்கம் நோக்கித் திரும்புகிறது. அதனால் வேகம் மேலும் கூடுகிறது. நல்ல காற்றில் இலகுவான படகொன்று காற்றையே முந்தி ஓடும். 41 விழுக்காடு கூடுதல் தொலைவை ஈடுகட்ட அது போதும்.

‘காற்றால் ஓடும் பொருள் காற்றை முந்துவது எப்படி?’ என்று மாணவர்கள் கேட்பார்கள். காற்றாலையைக் காட்டினால் போதும். வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வீசும் காற்றில் இறக்கையின் நுனி அதைப் போலப் பல மடங்கு வேகத்தில் சுழல்கிறது. காற்றின் திசையிலேயே ஓடாமல் அதற்குக் குறுக்காக ஓடுவதால்தான் இது முடிகிறது. காற்றாலையின் இறக்கை ஓர் அச்சில் கட்டுண்டு சுற்றுகிறது. புடைபாய் கட்டவிழ்ந்து நீரில் ஓடுகிறது. மற்றபடி கணக்கு ஒன்றுதான்.

ஓட்டும் முறை

இரண்டு பேர் ஓட்டும் படகை எடுத்துக்கொள்வோம். ஒருவர் சுக்கானைப் பிடிக்கிறார். மற்றவர் புடைபாயின் கயிற்றைப் பிடிக்கிறார். எதிர்காற்றுத் திருப்பத்தைக் கடந்ததும் சுக்கான்காரர் படகைக் காற்றின் போக்கில் சாய்க்கிறார். மற்றவர் ஏற்றுகயிற்றை மளமளவென்று இழுக்கிறார். இந்தச் சில வினாடிகளில் கயிறு சிக்கினால் பாய் நீரில் விழுந்து வலைபோல் இழுபடும், படகு நின்றுவிடும்.

பாய் ஏறிய பிறகு கயிற்றுக்காரரின் கண் பாயின் முன்விளிம்பை விட்டு அகலக்கூடாது. விளிம்பு இலேசாகச் சுருளும் வரை கயிற்றைத் தளர்த்த வேண்டும். சுருண்டதும் கொஞ்சம் இழுக்க வேண்டும். தளர்த்து, இழு, தளர்த்து, இழு. பந்தயம் முடியும்வரை இந்த வேலை ஓயாது. இழுத்தே பிடித்திருந்தால் பாய் பார்ப்பதற்கு நிறைந்து அழகாக இருக்கும். படகு மட்டும் ஓடாது.

சுக்கான்காரர் புதிதாகக் கற்க வேண்டியது இன்னொன்று. எதிர்காற்றில் செல்லும்போது பலத்த வீச்சு வந்தால் படகைக் காற்றை நோக்கித் திருப்பித் தணிக்கலாம். புடைபாய் விரித்திருக்கும்போது அப்படிச் செய்தால் படகு கவிழும். வீச்சு வரும்போது காற்றோடு விலகிப் போக வேண்டும். காற்று தணியும்போது காற்றை நோக்கித் திரும்பி வேகத்தைக் காத்துக்கொள்ள வேண்டும். பழகிய கைக்கு நேர் எதிரான பழக்கம் இது. தொடக்கத்தில் கவிழாதவர்கள் குறைவு.

பக்கம் மாற்றுவது மட்டும் பழைய முறையை விட எளிது. கழியைக் கழற்ற வேண்டியதில்லை. ஒருபக்கக் கயிற்றை விட்டு மறுபக்கக் கயிற்றை இழுத்தால் பாய் முன்புறமாகச் சுற்றி மறுபக்கம் வந்துவிடும். பாயை இறக்குவதற்கும் ஒரு நேரம் உண்டு. கீழ்த்திருப்பத்தை எட்டிய பிறகு இறக்க நினைப்பவர் தாமதித்துவிட்டார் என்று பொருள்.

ஜூலியன் பெத்வெய்ட் இதே முறையில் வடிவமைத்த ‘ஃபார்ட்டிநைனர்’ படகு 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. நீளம் 4.99 மீட்டர், பெயரும் அதிலிருந்தே வந்தது. பெரும்பாயும் முன்பாயும் சேர்ந்து 20 சதுர மீட்டருக்குச் சற்று மேல். புடைபாய் மட்டும் சுமார் 38 சதுர மீட்டர். ஒரு சிறிய வீட்டின் தரைப்பரப்பு. இந்தப் பாயை இரண்டு பேர் தங்கள் உடல் எடையால் தாங்க வேண்டும். இடுப்பில் பட்டை கட்டி, பாய்மரத்திலிருந்து வரும் கம்பியில் கொக்கி மாட்டி, படகுக்கு வெளியே நீரின் மேல் உடலைக் கிடத்தி நிற்பார்கள். பாய் அளவைக் குறைத்துப் பெண்களுக்காக அமைத்த வகை 2016 ரியோ ஒலிம்பிக்கில் அறிமுகமாயிற்று.

நம் கரையின் பழைய பாய்

உடல் எடையை வெளியே கொண்டுபோய்ப் படகை நிறுத்தும் வித்தை நமக்குப் புதிதன்று. பாக் நீரிணைக் கரையின் பாய்ப்படகுகளில் குறுக்காக ஒரு நீண்ட பலகையைப் போட்டு, காற்று வரும் பக்கம் அது நீண்டிருக்க, அதன்மேல் ஆட்கள் ஏறிப் படகைச் சமன்செய்வார்கள். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், 1920இல் வெளியான இந்தியப் படகு வடிவங்கள் பற்றிய தம் ஆய்வில் இந்தச் சமன்பலகையைப் பதிவு செய்திருக்கிறார். தொண்டி வட்டாரக் கரையூர்களில் விழாக்காலத்தில் நடக்கும் பாய்மரப் படகுப் போட்டிகளில் இன்றும் பலகையில் ஆட்கள் நிற்பதைக் காணலாம். கம்பியும் கொக்கியும் இல்லை, காலும் பலகையும்தான்.

நம் கடலோரத்தின் முக்கோணப் பாயும் சமச்சீர் அற்றதே. பருமல் எனப்படும் சாய்ந்த கழியின் ஒரு முனை படகின் அணியத்தில் தாழ்ந்திருக்கும். மறுமுனை உயர்ந்து பின்னோக்கி எழும். முன்விளிம்பு எது என்ற ஐயத்துக்கே இடமில்லை. கட்டுமரத்தின் பழுப்புப் பாயை இப்போது ஓவியங்களிலும் பழைய ஒளிப்படங்களிலும்தான் பார்க்கிறோம். வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூல் வழியாகக் கட்டுமரம் என்ற சொல் ஆங்கில வாசகர்களிடம் சென்றது. பின்னாளில் அந்தச் சொல் இரட்டை உடல் கொண்ட படகுக்கு உரியதாகிவிட்டது. மரங்களைச் சேர்த்துக் கட்டிய நம் கலத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. இரட்டை உடல் கொண்ட ‘டொர்னாடோ’ படகும் 2004 ஒலிம்பிக்கில் சமச்சீரற்ற புடைபாய் கட்டிக்கொண்டது. பெயரளவிலாவது ஒரு கட்டுமரம் புடைபாய் விரித்தது என்று மகிழ்ந்துகொள்ளலாம்.

காற்றை ஆளுதல் பற்றிய பெருமிதம் நம் இலக்கியத்திலும் உண்டு. புறநானூற்றின் 66ஆம் பாட்டில் வெண்ணிக் குயத்தியார், கரிகாலனை அறிமுகப்படுத்தும்போது அவன் முன்னோர் காற்றைத் தமக்கு வேலை செய்ய வைத்துக் கடலில் கலம் ஓட்டியதைச் சொல்லித்தான் தொடங்குகிறார்.

இந்த வரலாற்றில் எனக்கு உறுத்தலாகத் தோன்றுவது 1980கள்தான். சிட்னியில் புடைபாய் உருவான அதே காலத்தில் தமிழகக் கரையில் இயந்திரம் பொருத்திய படகுகளும் கண்ணாடியிழைப் படகுகளும் பரவின. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கண்ணாடியிழைப் படகுகள் மேலும் பெருகின. பாய் சுருட்டி வைக்கப்பட்டது. மீனவரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. காற்றுக்குக் காத்திராமல் கரைசேர முடிவது உயிர்ப் பிரச்சினை. மீன் அழுகுவதற்குள் ஏலக்கூடத்துக்கு வந்தாக வேண்டும். அதே பத்தாண்டில், 1986இல், தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை எழுந்தது. கடலில் பாய் இறங்கிய நேரத்தில் கரையில் இறக்கை ஏறியது.

சென்னையின் வழி

பாய் மீண்டும் வந்தபோது வேறொரு வாசல் வழியாக வந்தது. சென்னையில் பாய்மரப் படகு விளையாட்டுக்கான மன்றம் 1911இல் தொடங்கப்பட்டது. இன்று அது ராயல் மெட்ராஸ் யாட் கிளப். தொடங்கியவர் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். அடுத்த ஆண்டு அவருடைய அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்த இளைஞர்தான் கணிதமேதை இராமானுஜன். ஸ்பிரிங் அவருக்குத் துணைநின்றதை அறிந்தவர்கள் பலர். படகு மன்றத்தை அறிந்தவர்கள் சிலர்.

பிற்காலத்தில் தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கமும் சிறுவர்களுக்குப் பயிற்சி தந்தது. அந்தச் சூழலில் வளர்ந்தவர்கள்தான் புடைபாயைத் தமிழகத்தில் வசப்படுத்தினார்கள். 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் சென்னையின் வர்ஷா கௌதமும் ஐஸ்வர்யா நெடுஞ்செழியனும் ‘ட்வென்ட்டிநைனர்’ படகில் வெண்கலம் வென்றனர். ஃபார்ட்டிநைனரின் தம்பி போன்ற அந்தப் படகிலும் சமச்சீரற்ற புடைபாய்தான். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் வர்ஷா, ஸ்வேதா ஷெர்வேகருடன் இணைந்து பெண்கள் ஃபார்ட்டிநைனர் பிரிவில் வெள்ளி பெற்றார். ஆண்கள் பிரிவில் கே. சி. கணபதியும் வருண் தக்கரும் வெண்கலம் பெற்றனர்.

இந்தியா ஃபார்ட்டிநைனரில் ஒலிம்பிக் சென்றது 2004 ஏதென்ஸில். ஓட்டியவர்கள் மாலவ் ஷ்ராஃப், சுமீத் பட்டேல். அதற்கு அடுத்து அந்தப் படகில் ஒலிம்பிக் சென்றவர்கள் கணபதியும் வருணும். 2021 ஏப்ரலில் ஓமன் நாட்டின் முசன்னாவில் நடந்த தகுதிப் போட்டியில் அவர்கள் டோக்கியோவுக்குத் தேர்வானார்கள். நேத்ரா குமணனும் வேலூரைச் சேர்ந்த விஷ்ணு சரவணனும் அங்கேயே ஒற்றையர் படகுகளில் தகுதி பெற்றனர். ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பாய்மர வீராங்கனை நேத்ரா. ஒரே ஒலிம்பிக்கில் மூன்று பாய்மரப் போட்டிகளில் இந்தியா இறங்கியது அதுவே முதல்முறை, நால்வரும் தமிழ்நாட்டவர். எனோஷிமா கடலில் கணபதி, வருண் இணை 17ஆம் இடத்தில் முடித்தது. பதக்கப் பட்டியலை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது சிறிய எண். அந்த 38 சதுர மீட்டர் துணியை உலகின் சிறந்தவர்களோடு ஏற்றி இறக்குவது எத்தகைய வேலை என்று அறிந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

இப்படகுகள் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியவை. பல இலட்சம் ரூபாய் செலவாகும். புடைபாய்த் துணி மெல்லியது, விரைவில் தளரும். அடிக்கடி மாற்ற வேண்டும். பலகையில் நின்று பழகிய தொண்டிச் சிறுவனுக்கும் கம்பியில் தொங்கும் சென்னைச் சிறுவனுக்கும் இடையே நிற்பது திறமை அன்று, பணம்தான்.

கடலில்லா ஊர்கள்

கடல் அருகில் இருப்பது கட்டாயமா என்றால், இல்லை. 2018இல் வெண்கலம் வென்ற ஹர்ஷிதா தோமரும், 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெள்ளி வென்ற நேகா தாக்கூரும் கடற்கரையே இல்லாத மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்தவர்கள். பயிற்சி பெற்ற இடம் போபால் ஏரி. நேகா, தேவாஸ் மாவட்டத்து விவசாயியின் மகள். ஐதராபாத்தின் உசேன் சாகர் ஏரியிலும் எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி நடக்கிறது.

நம் பக்கத்து மலையிலும் படகின் கதை பழையது. மதுரை ஆட்சியராக இருந்த சர் வேர் ஹென்றி லெவிஞ்ச் 1863இல் ஓடையை மறித்துக் கொடைக்கானல் ஏரியை உருவாக்கினார்; முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தார். அந்நாளில் கொடைக்கானலுக்கு ஏறுவோர் பெரியகுளத்து வழியாகத்தான் ஏறினார்கள். கடற்கரையில் செய்த படகு ஏழாயிரம் அடி உயரத்தில் மிதந்தது.

கம்பம் பள்ளத்தாக்கில் படகு என்றதும் நினைவுக்கு வருவது தேக்கடி. 2009 செப்டம்பர் 30 அன்று அங்கே ‘ஜலகன்யகா’ என்ற ஈரடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் பிள்ளைகளைப் படகில் ஏற்றவே பெற்றோர் அஞ்சினார்கள். அந்த அச்சம் நியாயமானது. பாய்மரப் பயிற்சியில் முதல் பாடம் மிதவை அங்கி அணிவது. இரண்டாவது பாடம் படகை வேண்டுமென்றே கவிழ்த்து, அதை நிமிர்த்தி, மீண்டும் ஏறுவது. பாயைத் தொடுவது அதற்குப் பிறகுதான்.

1959இல் திறக்கப்பட்ட வைகை அணை ஆண்டிபட்டி அருகே, பள்ளத்தாக்கின் காற்று விரியும் திசையில் இருக்கிறது. நீர்த்தேக்கத்தின் முழு உயரம் 71 அடி. ஆனி முதல் ஆவணி வரை காற்றுக்குக் குறைவில்லை. ஆனால் அணை நிரம்புவது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையில். காற்றிருக்கும்போது நீர் தாழ்ந்திருக்கும், நீரிருக்கும்போது காற்று தணிந்திருக்கும். பாசனத்துக்கும் மதுரையின் குடிநீருக்குமான நீர் என்பதால் இயந்திரப் படகை அங்கே விட நானே ஒப்பமாட்டேன். பாய்ப்படகு எண்ணெய் சிந்துவதில்லை. சிறுவர்கள் கற்கும் ‘ஆப்டிமிஸ்ட்’ படகு 2.3 மீட்டர் நீளமே உள்ளது. 1947இல் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் அதை ஒட்டுப்பலகையில் எளிதாகச் செய்யும்படி வடிவமைத்தார். அதற்கு ஒரு மீட்டர் ஆழம் போதும். புடைபாய் கட்டிய படகுக்குத்தான் அதைவிட ஆழமும், வளைந்து வளைந்து ஓட அகலமும் வேண்டும். அது ஐப்பசி, கார்த்திகையில்தான் கிடைக்கும்.